பூட்டிய அறையும் மூன்று சாட்சிகளும்

அயோத்தியாப்பட்டணத்தில் என் பெரியப்பா வீட்டு முன்னறையில் ஒரு கண்ணாடி விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். எண்ணெய் ஊற்றுவது, திரி மாற்றுவது எல்லாம் அவர்தான். வேறு யாரும் தொடக்கூடாது. பெரியப்பா சன்மார்க்கி. கறி மீன் விட்டு நாற்பது வருடம் ஆகிறது. மாதப் பூசத்துக்கு வீட்டு வாசலில் கஞ்சி ஊற்றுவார். தைப்பூசம் வந்தால் கூட்டாளிகளோடு ரயிலேறிவிடுவார். எங்கள் ஊர் ஸ்டேஷன் வழியாகப் போகும் தண்டவாளம் வாழப்பாடி, ஆத்தூர், சின்னசேலம் தாண்டி விருத்தாசலம் போகிறது. அங்கிருந்து நெய்வேலி, வடலூர், கடலூர். "நம்மூரையும் வள்ளலார் ஊரையும் ஒரே கம்பியில கட்டியிருக்கான் பாரு கண்ணு" என்பார்.

மூன்று வருடங்களுக்கு முன் அவர்களுடைய சிறு சங்கம் ஒரு தைப்பூச மலர் போட்டது. நாற்பது பக்கம், முந்நூறு பிரதி. "நீதான் எழுதறவனாச்சே, பெருமானார் சித்தியடைஞ்சதைப் பத்தி நாலு பக்கம் எழுதிக் குடு" என்றார் பெரியப்பா. ஒரே ராத்திரியில் எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு வரி இப்படி இருந்தது: 1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் சென்று தாளிட்டுக்கொண்டார், மே மாதம் அரசு அதிகாரிகள் வந்து கதவைத் திறந்தபோது அறை காலியாக இருந்தது, இது 1906ஆம் ஆண்டு அரசு கெஜட்டிலேயே பதிவாகியுள்ளது.

மலர் வெளியீடு முடிந்து வெளியே வரும்போது, வரலாறு படிக்கிற ஒரு கல்லூரிப் பெண் என்னிடம் வந்தாள். "அண்ணா, அந்தக் கெஜட்டை நீங்க பார்த்தீங்களா?"

"இருக்கும்மா. எல்லாரும் எழுதியிருக்காங்களே" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. அலுவலகத்தில் ஒரு ஜூனியர் "இந்தக் கோடு எல்லா இடத்துலயும் இப்படித்தான் இருக்கு, அதான் நானும் போட்டேன்" என்று சொன்னால் அவனை உட்காரவைத்து அரைமணி நேரம் வகுப்பெடுப்பேன். அதே பதிலை நான் ஒரு பெண்ணிடம் சொல்லியிருக்கிறேன், முந்நூறு பிரதி அச்சடித்த பிறகு.

அன்று ராத்திரி தேட ஆரம்பித்தேன். இந்தக் கட்டுரை அந்தத் தேடலைப் பற்றியது. வள்ளலார் என்ன ஆனார் என்று நான் கண்டுபிடித்துச் சொல்லப் போவதில்லை. ஒரு ஆதாரத்தை ஆதாரம் என்று சொல்வதற்கு முன் என்ன பார்க்க வேண்டும் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

1

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. இராமலிங்கர் 1823 அக்டோபர் 5 அன்று சிதம்பரத்துக்குப் பக்கத்தில் மருதூரில் பிறந்தார். சென்னையில் வளர்ந்தார். 1865இல் சங்கம், 1867இல் வடலூரில் பசித்தவர்களுக்குச் சோறு போடும் தருமச்சாலை, 1872இல் ஞானசபை. 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் கொடியேற்றி, இன்று பேருபதேசம் என்று அறியப்படுகிற உரையை ஆற்றினார். சாதி, சமயம், சாத்திரம் மூன்றையும் தள்ளிவைக்கச் சொன்ன உரை. மூன்று மாதம் கழித்து அறைக்குள் போனார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இது வேதகாலக் கதை இல்லை. அச்சு இருந்தது, தபால் இருந்தது, கோர்ட்டு இருந்தது, கலெக்டர் இருந்தார். ஞானசம்பந்தர் ஜோதியில் கலந்ததற்கு யாரும் அடிக்குறிப்பு கேட்பதில்லை. அது புராண மொழியில் சொல்லப்பட்டது, அந்த மொழியிலேயே கேட்கப்படுகிறது. 1874 அப்படியில்லை. பேப்பர் மிச்சமிருக்கிற காலம். அதனால்தான் இதைச் சொல்கிற யாருமே "ஐதீகம்" என்று நிறுத்திக்கொள்வதில்லை. "அரசு ஆவணம்" என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துக்கொள்கிறார்கள். நானும் சேர்த்தேன்.

2

முதலில் அந்தக் கெஜட். 1906இல் வந்தது கெஜட்டே இல்லை, கெஜட்டியர்.

இரண்டு எழுத்துதானே வித்தியாசம் என்று தோன்றலாம். ஆனால் கெஜட் என்பது அரசிதழ். அரசாணை, நியமனம், ஏல அறிவிப்பு வரும் இடம். அதில் வந்தால் அரசாங்கம் அதிகாரப்பூர்வமாகச் சொன்னதாக அர்த்தம். கெஜட்டியர் என்பது மாவட்டத்தைப் பற்றிய கையேடு. மண் என்ன, மழை எவ்வளவு, எந்தச் சாதி எந்த ஊரில், எந்தக் கோயிலில் என்ன கதை என்று ஒரு அதிகாரி தொகுத்து எழுதும் புத்தகம். தென்னார்க்காடு மாவட்டக் கெஜட்டியரை எழுதியவர் டபிள்யூ. பிரான்சிஸ், ஐ.சி.எஸ். அதிகாரி. சம்பவம் நடந்து 32 வருடம் கழித்து எழுதுகிறார். அவர் எதையும் நேரில் பார்த்தவரில்லை. ஊரில் சொன்னதைக் கேட்டு, சுருக்கி, கொஞ்சம் எட்ட நின்று எழுதுகிறார். இறந்தவர்கள் எழுவார்கள் என்ற நம்பிக்கையில் வடலூருக்குப் பிணங்களைக் கொண்டுவந்து புதைத்தார்கள் என்பதையெல்லாம் "சொல்லப்படுகிறது" என்கிற தொனியிலேயே பதிவுசெய்கிறார்.

சரி, கையேடாகவே இருக்கட்டும், அதில் மே மாதம் கதவைத் திறந்தது இருக்கிறதா? புத்தகத்தின் ஸ்கேன் பிரதியைத் திறந்து அந்தப் பத்தியைப் படித்தேன். திரும்பப் படித்தேன். பிரான்சிஸ் சொல்வது இது: 1874இல் அவர் மேட்டுக்குப்பத்து அறைக்குள் போய்த் தாளிட்டுக்கொண்டார், கொஞ்ச காலம் திறக்க வேண்டாம் என்று சீடர்களிடம் சொன்னார், அதன்பின் யாரும் அவரைப் பார்க்கவில்லை, அந்த அறை இன்னும் பூட்டியே இருக்கிறது.

இன்னும் பூட்டியே இருக்கிறது!

கதவைத் திறந்து பார்த்ததற்கு ஆதாரம் என்று நான் காட்டிய புத்தகம், கதவு திறக்கப்படவே இல்லை என்கிறது. என் முந்நூறு பிரதியும் என்னை முறைத்துப் பார்ப்பது மாதிரி இருந்தது.

3

அடுத்து இன்னொரு சாட்சி. பிரான்சிஸைவிட இவர் பல மடங்கு பக்கத்தில் இருந்தவர். தொழுவூர் வேலாயுத முதலியார். இராமலிங்கரின் நேரடி மாணாக்கர். 1867இல் திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகளைப் பகுத்துப் பதிப்பித்தவர். சென்னைப் பிரசிடென்சி கல்லூரியில் தமிழ்ப் பண்டிதர். இவர் 1882இல் ஆங்கிலத்தில் ஒரு வாக்குமூலம் கொடுத்தார். அது பிரம்மஞான சபையின் 'தி தியாசபிஸ்ட்' இதழில் வெளிவந்தது.

அதில் குருவின் உருவத்தை விவரிக்கிறார். மெலிந்த உடம்பு, நிமிர்ந்த நடை, வேகம், பெரிய கண்கள், முகத்தில் ஒரு துயரம். படிக்கும்போது, இவர் உண்மையிலேயே பக்கத்தில் நின்று பார்த்தவர் என்று தெரிகிறது. பிறகு கடைசி நாள். குரு அறைக்குள் போய் விரிப்பில் படுத்தார், அவர் சொன்னபடி கதவு பூட்டப்பட்டது, இருந்த ஒரே திறப்பும் சுவர் வைத்து அடைக்கப்பட்டது. ஒரு வருடம் கழித்துத் திறந்தபோது வெற்று அறைதான் இருந்தது.

ஒரு வருடம் கழித்து. மே மாதமில்லை.

நேரடிச் சீடர், எட்டே வருடத்தில் சொன்னது. பிரான்சிஸை விட்டுவிட்டு இவரை எடுத்துக்கொள்ளலாம் இல்லையா? இருங்கள். அந்த வாக்குமூலத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. உலக சகோதரத்துவத்தைப் போதிக்க ரஷ்யாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஆட்கள் இந்தியாவுக்கு வருவார்கள் என்று குரு முன்பே சொன்னாராம். பிரம்மஞான சபையைத் தொடங்கிய பிளாவட்ஸ்கி அம்மையார் ரஷ்யாவில் பிறந்தவர். ஆல்காட் அமெரிக்கர். சபை 1875இல் நியூயார்க்கில் தொடங்கி, அவர்கள் 1879இல் பம்பாய் வந்திறங்கினார்கள். வாக்குமூலம் வந்ததோ அவர்களுடைய பத்திரிகையில். தீர்க்கதரிசனம் நிறைவேறிய பிறகுதான் தீர்க்கதரிசனம் நமக்குக் கிடைக்கிறது.

இதை வைத்து வேலாயுத முதலியாரைப் பொய்யர் என்று தள்ளிவிட முடியாது. அப்படிச் செய்வது சோம்பேறித்தனம். குருவை இழந்த ஒரு மனிதர், எட்டு வருடம் கழித்து, குருவின் பேச்சு பலித்துவிட்டதாக நம்புகிறார். நினைவு அந்த நம்பிக்கைக்கு ஏற்ப வளைந்திருக்கலாம். உருவ வர்ணனையில் அவருக்கு எந்த லாபமும் இல்லை, அதை நம்பலாம். தீர்க்கதரிசனத்தில் அவருக்கும் பத்திரிகைக்கும் ஈடுபாடு இருக்கிறது, அதைத் தனியாக எடுத்துவைக்க வேண்டும். ஒரே சாட்சியில் ஒரு பகுதி கெட்டியாகவும் ஒரு பகுதி இளகியும் இருக்கும். முழுசாக ஏற்பது, முழுசாகத் தள்ளுவது இரண்டுமே எளிது. பகுதி பகுதியாகப் பார்ப்பதுதான் வேலை.

4

அப்படியானால் மே மாதம் எங்கிருந்து வந்தது?

மே மாதக் கதை நமக்குத் தெரிந்த வடிவில் மிக விவரமானது. கலெக்டர் வருகிறார், கூட இன்னொரு உயரதிகாரி, தாசில்தார், போலீஸ். கதவைத் திறக்கிறார்கள். ஒன்றுமில்லை. கலெக்டர் வியந்துபோய், அன்னதானத்துக்கு இருபது ரூபாய் கொடுத்துவிட்டுப் போகிறார். அந்த இருபது ரூபாய்தான் என்னைக் கவிழ்த்தது. இவ்வளவு துல்லியமாக ஒரு தொகை இருந்தால், யாரோ பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும் என்று மனசு சொல்லிவிடுகிறது.

விவரம் அதிகமாக இருப்பது உண்மைக்கு அடையாளமில்லை. கிராமத்தில் பேய்க்கதை சொல்கிறவர்கள்கூடப் பேயின் கொலுசில் எத்தனை மணி என்று சொல்வார்கள். விவரம் எப்போது எழுதப்பட்டது, அதை முதலில் எழுதியவர் யார் என்பதுதான் கேள்வி.

எங்கள் தொழிலில் ஒரு வசதி இருக்கிறது. ஒரு ஃபைலில் எந்த வரியையும் காட்டி, இதை யார், எந்தத் தேதியில் சேர்த்தார் என்று கேட்கலாம். 'கிட் ப்ளேம்' என்று பெயர். அதே மாதிரி இந்தக் கதைக்குச் செய்துபார்த்தேன். என்னிடம் இருந்த புத்தகங்கள், மலர்கள், இணையக் கட்டுரைகள் எல்லாவற்றையும் பரப்பி, எது எதைப் பார்த்து எழுதியது என்று அம்புக்குறி போட்டேன். பெரும்பாலானவை ஆதாரமே சொல்லவில்லை. சொன்னவை இரண்டே இடத்தைக் காட்டின. ஒன்று, இன்னொரு மலர். இரண்டு, "1906 கெஜட்". முதலாவதைத் திறந்தால் அதுவும் "1906 கெஜட்" என்றது. கெஜட்டியரைத் திறந்தால் அறை பூட்டியிருக்கிறது.

ஐம்பது பேர் எழுதியிருக்கிறார்கள் என்று நான் நினைத்தது ஐம்பது சாட்சியில்லை. ஒரே வரி ஐம்பது முறை நகலெடுக்கப்பட்டிருக்கிறது. நான் எழுதியது ஐம்பத்தோராவது.

ஒன்று மட்டும் எளிதாகச் சரிபார்க்க முடிந்தது. மரபில் அந்த நாளை வெள்ளிக்கிழமை என்பார்கள். நாள்காட்டியைப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால் 1874 ஜனவரி 30 வெள்ளிதான். அப்பாடா என்று இருந்தது. ஆனால் இதில் ஏமாந்துவிடக்கூடாது. கிழமை பொருந்துவது, தேதியைக் குறித்தவர் கவனமாகக் குறித்தார் என்பதைக் காட்டும். அறைக்குள் என்ன நடந்தது என்பதைக் காட்டாது.

5

இந்தத் தேடலில் இருந்தபோது, இதே சிக்கலை உலகத்தில் வேறு யாராவது சந்தித்திருக்கிறார்களா என்று பார்த்தேன். அமெரிக்காவில் மார்மன் சமயத்தின் தொடக்க வரலாறு கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு பிரச்சினை. அதை நிறுவிய ஜோசப் ஸ்மித், இராமலிங்கருக்கு 18 வருடம் மூத்தவர். 1830இல் மார்மன் நூலை வெளியிட்டார். 1844இல் இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஒரு சிறையில் இருந்தபோது கும்பல் ஒன்று அவரைச் சுட்டுக்கொன்றது. அங்கும் அச்சுக்காலம், பேப்பர் ஏராளம், ஆதரவாளர் எதிரி இரண்டு பக்கமும் எழுதிக் குவித்திருக்கிறார்கள்.

அவர் இளம்வயதில் கண்ட முதல் தரிசனத்தை அவரே பலமுறை விவரித்திருக்கிறார். 1832இல் தன் கையால் எழுதியதில் வெளிப்படையாகப் பேசுவது ஆண்டவர் ஒருவரைப் பற்றி. 1838இல் சொல்லி எழுதவைத்ததில் இரண்டு உருவங்கள். நம்பாதவர்கள் "பார், மாற்றிச் சொல்கிறான்" என்கிறார்கள். நம்புகிறவர்கள் "ஒரே அனுபவத்தை நாமும்தான் ஒவ்வொரு முறை ஒவ்வொரு விதமாகச் சொல்கிறோம்" என்கிறார்கள். சரி, அவரவர் முடிவு. ஆனால் 2008 முதல் அந்தச் சபையே ஸ்மித்தின் தாள்களை அடித்தல் திருத்தலோடு தொகுதி தொகுதியாக வெளியிட்டது. யார் வேண்டுமானாலும் இரண்டு வடிவத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அது பெரிய விஷயம்.

எதிரிகளின் ஆதாரமும் அப்படித்தான். 1834லேயே ஒரு எதிர்ப்புப் புத்தகம் வந்தது. அதிலிருந்த அண்டைவீட்டார் வாக்குமூலங்களைச் சேகரித்தவர், சபையிலிருந்து விலக்கப்பட்ட ஒருவர். கோபம் இருந்தது என்பதற்காக எல்லாம் பொய் ஆகிவிடாது. அண்டைவீட்டார் சொன்னார்கள் என்பதற்காக எல்லாம் உண்மையும் ஆகிவிடாது.

ஆனால் என்னை உண்மையில் பயமுறுத்தியது மார்க் ஹாஃப்மன் கதை. 1980களில் இவன் ஆரம்பகால மார்மன் ஆவணங்களாகக் கண்டெடுத்துக்கொண்டே இருந்தான். 1830ஆம் வருடத் தேதியிட்ட ஒரு கடிதத்தில், ஸ்மித்துக்குத் தங்கத் தகடுகளைக் காட்டியது தேவதூதன் இல்லை, வெள்ளைப் பல்லி மாதிரி ஒரு பிராணி என்று இருந்தது. வரலாற்று ஆய்வாளர்கள் நம்பினார்கள். சபையே அவனிடம் பல ஆவணங்களை வாங்கியது. எல்லாம் அவன் கையால் செய்த போலி. குட்டு வெளிப்படப்போகிறது என்று தெரிந்ததும், 1985 அக்டோபரில் வெடிகுண்டு வைத்து இரண்டு பேரைக் கொன்றான். கடைசியில் மைக்ரோஸ்கோப்பில் மையின் மேற்பரப்பு விரிசல் விட்டிருப்பதைப் பார்த்துத்தான் நிபுணர்கள் கண்டுபிடித்தார்கள். செயற்கையாகப் பழையதாக்கிய மை.

அவன் எப்படி இத்தனை பேரை ஏமாற்றினான்? யார் எதைக் கண்டுபிடிக்க ஏங்குகிறார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. நம்புகிறவனுக்கு அவன் நம்பிக்கைக்குத் தோதாக ஒரு தாள், சந்தேகப்படுகிறவனுக்கு அவன் சந்தேகத்துக்குத் தோதாக ஒரு தாள். நம் ஊரில் யாரும் இதற்காகப் போலி ஆவணம் செய்ததாக நான் சொல்லவில்லை. செய்யவே தேவையில்லை. நாம் ஏங்குகிற வரியை யாராவது எழுதிவிட்டால், நாமே "அரசு ஆவணம்" என்று முத்திரை குத்திக்கொள்கிறோம். "எதிரிகள் எரித்துக் கொன்றுவிட்டார்கள்" என்று அவ்வளவு உறுதியாகச் சொல்லும் பகிர்வுகளையும் பார்த்திருக்கிறேன். நான் பார்த்த ஒன்றில்கூட 1874ஆம் வருடத் தாள் ஒன்றும் காட்டப்படவில்லை. அது வேறு ஏக்கம், அவ்வளவுதான்.

6

இன்னொரு கதையையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதுவும் என் நாலு பக்கத்தில் இருந்தது.

இராமலிங்கரின் பாடல்களை 'அருட்பா' என்று அழைத்ததை யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் கடுமையாக எதிர்த்தார். அந்தப் பெயர் தேவார திருவாசகங்களுக்கே உரியது என்பது அவர் கட்சி. 1869இல் 'போலியருட்பா மறுப்பு' வந்தது. மஞ்சக்குப்பம் கோர்ட்டில் வழக்கு. பிரபலமான கதை இது: இராமலிங்கர் கோர்ட்டுக்குள் நுழைகிறார். எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். நாவலரும் தன்னையறியாமல் எழுந்துவிடுகிறார். நீங்களே எழுந்து நின்று மதிக்கிறவரை எதிர்த்தா வழக்கு என்று நீதிபதி கேட்டுத் தள்ளுபடி செய்கிறார்.

அழகான காட்சி. சினிமாவில் வைத்தால் விசில் பறக்கும். இதில் முதல் சிக்கல், வழக்கு எதைப் பற்றியது என்பதே. பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்று எந்த வெள்ளைக்கார கோர்ட்டும் தீர்ப்புச் சொல்லவில்லை. சிதம்பரத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் தன்னை இழிவாகப் பேசினார்கள் என்று நாவலர் தொடுத்த அவதூறு வழக்கு அது. பெரிய தத்துவ மோதல் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது, கோர்ட்டுத் தாளில் மானநஷ்டம்.

இரண்டாவது சிக்கல் காலம். நாவலர் 1879இல் காலமானார். சண்டை அதோடு முடியவில்லை. 1900களின் தொடக்கத்தில் நாவலர் பக்கம் நின்று நா. கதிரைவேற்பிள்ளை எழுதினார். வள்ளலார் பக்கம் மறைமலையடிகளும் செய்குதம்பிப் பாவலரும் நின்றார்கள். ஒரு இஸ்லாமியப் புலவர் அருட்பாவுக்காக மேடையேறியது அந்தச் சண்டையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. முப்பது நாற்பது வருடம் இரண்டு கட்சியும் மேடை போட்டுப் பேசிய ஒரு விஷயத்தில், ஒரு பக்கம் முழுசாக ஜெயிக்கிற காட்சி எப்படி உருண்டு திரண்டு வரும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

இந்த விவகாரத்தில் நமக்கு ஒரு அதிர்ஷ்டம். ஆய்வாளர் ப. சரவணன் இரண்டு பக்கக் கண்டனப் பிரசுரங்களையும் தேடித் தொகுத்து, 2010இல் ஒரே திரட்டாகக் கொண்டுவந்தார். வசையும் வாதமுமாகக் கனமான புத்தகம். ஜோசப் ஸ்மித் தாள்களை வெளியிட்டவர்களுக்குப் பின்னால் ஒரு பெரிய சபையின் பணம் இருந்தது. இங்கே ஒரு மனிதர் நூலகம் நூலகமாக அலைந்து செய்திருக்கிறார். ஒரு கட்சியின் பிரசுரத்தை மட்டும் படித்துவிட்டுப் பேசுகிற சாக்கு இனி யாருக்கும் கிடையாது.

7

இவ்வளவையும் படித்தபின் எதுவுமே நம்ப முடியாது என்று தோன்றலாம். எனக்கு நடுவில் ஒரு வாரம் அப்படித்தான் இருந்தது. அதிலிருந்து என்னை மீட்டது ஒரு கடிதம்.

இறுக்கம் இரத்தின முதலியார் என்ற அன்பருக்கு இராமலிங்கர் எழுதிய கடிதங்கள் அச்சில் உள்ளன. ஆ. பாலகிருஷ்ண பிள்ளை 1931 முதல் 1958 வரை பன்னிரண்டு பகுதிகளாகக் கொண்டுவந்த பதிப்பில் பாடல்களோடு இவையும் இடம்பெற்றன. பாடல்களை அச்சிட அன்பர்கள் எவ்வளவு கெஞ்சினார்கள், இவர் எவ்வளவு தயங்கினார் என்று அதில் தெரிகிறது. ஒரு கடிதத்தில் தன் பெயரை 'இராமலிங்கசாமி' என்று போடுவதில் தனக்குச் சம்மதமில்லை, அது ஆரவாரமாகத் தோன்றுகிறது என்கிறார்.

இதை எவ்வளவு தூரம் நம்பலாம்? ஏறக்குறைய முழுசாக. எழுதியவர் அவரே. எழுதியது சம்பவம் நடக்கும் காலத்திலேயே. எழுதப்பட்டது ஒரு தனி மனிதருக்கு, ஊரைக் கவர அல்ல. எல்லாவற்றுக்கும் மேல், அதைக் காப்பாற்றி அச்சிட்டவர்கள் அவரைச் சாமி என்று கூப்பிட ஆசைப்பட்டவர்கள். தங்கள் ஆசைக்கு எதிரான வரியை அவர்கள் மறைக்கவில்லை. தனக்குப் பாதகமானதைச் சொல்லும் சாட்சிக்குக் கூடுதல் எடை உண்டு.

அந்தக் கடிதத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு மறுபடி அறைக்குப் போனேன். மூன்று சாட்சிகள். மே மாதம் திறந்தது என்ற மரபு. ஒரு வருடம் கழித்துத் திறந்தது என்ற சீடர். திறக்கவே இல்லை என்ற வெள்ளைக்கார அதிகாரி. திறந்த விஷயத்தில் மூன்றும் மோதுகின்றன. ஆனால் 1874இல் அறைக்குள் போனார், கதவு மூடப்பட்டது, அதன்பின் அவரை யாரும் பார்க்கவில்லை என்பதில் மூன்றும் ஒத்துப்போகின்றன. பக்தருக்கும், பிரம்மஞானிகளோடு சேர்ந்த பண்டிதருக்கும், எட்ட நின்ற ஐ.சி.எஸ்.காரருக்கும் பொதுவாக ஒரு லாபமும் இல்லை. அவர்கள் ஒத்துப்போகும் இடம் கெட்டியான தரை. அதற்கு மேலே உள்ளது அவரவர் கட்டிய மாடி.

இப்போது எதையாவது மேற்கோள் காட்டுவதற்கு முன் நாலு விஷயம் பார்க்கிறேன். சொன்னவர் அங்கே இருந்தாரா. எத்தனை வருடம் கழித்துச் சொன்னார். அப்படிச் சொல்வதில் அவருக்கு என்ன கிடைக்கிறது. நான் படிப்பது அவர் சொன்னதையா, இல்லை, அவர் சொன்னதாக இன்னொருத்தர் சொன்னதையா. நாலாவதுதான் முக்கியம். முதல் மூன்றையும் கேட்பதற்கே அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இதில் புதிதாக ஒன்றுமில்லை. 1880இல் கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த எங்கள் ஊர்க்காரர் சேலம் இராமசுவாமி முதலியார், தன்னைப் பார்க்க வந்த உ. வே. சாமிநாதையரிடம் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று பெரிய பட்டியல் போட்டார். இவர் அசரவில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்றார். அதிலிருந்துதான் சிந்தாமணிப் பதிப்பும் மற்றதெல்லாமும். அந்தக் கல்லூரிப் பெண் என்னிடம் கேட்டதும் அதே கேள்விதான்.

8

பெரியப்பாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கெஜட்டியர் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய், தமிழில் சொல்லிக் காட்டினேன். அவர் முகம் சுருங்கியது.

"அப்ப பொய்ங்கிறியா?"

"இல்லீங் பெரியப்பா. நான் எழுதுனது பொய். இந்தப் புத்தகத்துல இருக்குன்னு எழுதுனேன், இல்லை."

"நம்மூரு கோயில்ல ராமருக்குப் பட்டாபிஷேகம் நடந்துச்சுன்னு சொல்றமே, அயோத்திக்குப் போறதுக்குள்ள நேரம் வந்துருச்சுன்னு. அதுக்கும் போய்ப் புத்தகம் தேடுவியா?"

நியாயமான கேள்வி. கோதண்டராமர் கோயிலில் நின்று அந்தக் கதையைச் சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கிறேன். ஒருநாளும் ஆதாரம் கேட்டதில்லை. "அதைத் தலபுராணம்னு சொல்லித்தானுங்களே சொல்றோம். கெஜட்டுல இருக்குன்னு சொல்லலியே. கெஜட்னு சொல்லிட்டா, அதைத் திறந்து பார்க்கிற உரிமை எல்லாருக்கும் வந்துருதுங்க" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. எண்ணெய் ஊற்ற எழுந்து போய்விட்டார். கிட்டத்தட்ட ஒரு மாதம் என் போனை எடுக்கவில்லை.

பிறகு அவரே கூப்பிட்டார். அடுத்த மலருக்கு வேலை ஆரம்பித்துவிட்டதாம். "அந்தத் தப்பை நீயே எழுதித் திருத்திரு. வேற எவனாச்சும் எடுத்துக் காட்டுனா நமக்குத்தான் அசிங்கம்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "சாமின்னு போடாதன்னு அவரே எழுதியிருக்காருன்னு சொன்னியே, அந்தக் கடுதாசியையும் போடு" என்றார்.

அரைப் பக்கம் எழுதினேன். ஒரு வார்த்தையில் இருவருக்கும் முட்டிக்கொண்டது. நான் 'மறைந்தார்' என்று எழுதியிருந்தேன். அவர் 'சித்தியடைந்தார்' என்றார். நான் எழுதியது இறந்துவிட்டார் என்று சொல்வது மாதிரி இருக்கிறதாம். யோசித்தால் சரிதான், என் வார்த்தையும் ஒரு முடிவைச் சொல்லிவிடுகிறது. கடைசியில் இரண்டையும் எடுத்துவிட்டு இப்படி அச்சிட்டோம்: 1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்து அறைக்குள் சென்றார். அதன்பின் அவரை யாரும் பார்த்ததாகப் பதிவில்லை. அறை எப்போது திறக்கப்பட்டது என்பதில் சாட்சிகள் வேறுபடுகின்றன. சென்ற மலரில் 1906 கெஜட் என்று குறிப்பிட்டது எங்கள் பிழை.

பெரியப்பா அதைக் கூட்டத்தில் தானே எழுந்து வாசித்தார். அந்தப் பெண்ணும் வந்திருந்தாள். முடிந்ததும் என்னிடம் வந்தாள். "அண்ணா, மூணாம் பக்கத்துல ஒரு தேதி இருக்கே, அது எங்கிருந்து எடுத்தீங்க?"

போனை எடுத்து, ஸ்கேன் பக்கத்தைத் திறந்து அவள் கையில் கொடுத்தேன்.